மினிமல் பேர் கிடைக்காவிட்டால் மாற்றொலி என்று முடிவு கட்டலாமா?

வேர்ச்சொல்:
மொழியியல் முதலாண்டு ஒலியனியல் பயிற்சி பற்றிய கேள்வி. தெரியாத மொழியிலிருந்து இருபது முப்பது சொற்களைக் கொடுத்து, அதில் வரும் இரண்டு ஒலிகள் தனித்தனி ஒலியன்களா (பொருளை வேறுபடுத்தும் ஒலிகளா), ஒரே ஒலியனின் மாற்றொலிகளா (சூழலுக்கேற்ப மாறும் அதன் வடிவங்களா) என்று கேட்பார்கள். மினிமல் பேர், அதாவது ஓர் ஒலி மட்டும் மாறிப் பொருளும் மாறும் சொல் இணை, இருந்தால் சிக்கலில்லை. இல்லாதபோது மாற்றொலிகள் என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் விழுகிறது. வேறென்ன காட்ட வேண்டும்?

தனிமெய்:
இருபது சொல்லுக்குள் இணை அமையாமல் போவது தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒன்று வரும் சூழலில் மற்றது வராது, அதாவது துணைநிலை வழக்கு, என்பதைத்தான் காட்ட வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பத்தி போட்டு, அது வரும் எல்லாச் சொற்களிலும் முன்னொலி, பின்னொலி, சொல்முதலா இறுதியா என்று எழுதுங்கள். ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது, விதியை உடைக்கும் சொல் அதுவாகவே இருக்கும்.

கொரிய மொழியில் ர, ல இரண்டையும் பாருங்கள். 'முல்' என்றால் தண்ணீர். எழுவாய் உருபு 'இ' சேர்ந்தால் 'முரி'. 'சாராம்' என்றால் மனிதர். உடனே 'உயிருக்கு முன் ர' என்று விதி எழுதத் தோன்றும். ஆனால் 'பல்லி' (விரைவாக) என்ற சொல்லில் இரண்டாவது ல உயிருக்கு முன்தான் நிற்கிறது. ஆகவே, கடன்சொற்களை ஒதுக்கிவிட்டால், 'இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வந்தால் ர, மற்ற இடங்களில் ல' என்பதே நிற்கும். 'மற்ற இடங்கள்' யாருக்கு வாய்க்கிறதோ அதுவே அடிப்படை வடிவம். இங்கே ல. அதிலிருந்து ர பிறப்பதாக விதி எழுத வேண்டும்.

இன்னொன்று, ஒலி ஒப்புமை. ஆங்கிலத்தில் ஹ அசையின் தொடக்கத்தில் மட்டும், ங அசையின் இறுதியில் மட்டும் வருகிறது. சூழல் மோதவே இல்லை. ஆனாலும் ஒலிப்பிடம், ஒலிப்புமுறை இரண்டிலும் ஒட்டுறவே இல்லாததால் யாரும் அவற்றை ஒரே ஒலியன் என்பதில்லை. இந்த ஒரு வரி விடையில் இல்லாததும் மதிப்பெண் குறையக் காரணமாகலாம்.

வேர்ச்சொல்:
இரண்டும் ஒரே சூழலில் வருகின்றன, ஆனால் முழு இணை இல்லை என்றால்?

தனிமெய்:
பக்கத்து ஒலிகள் ஒத்திருந்து, தூரத்து ஒலிகள் மட்டும் மாறினால் போதும், தனி ஒலியன்கள்தான். ஒரே சொல்லில் ஒன்றுக்கு மற்றதைப் போட்டும் பொருள் மாறவில்லை என்றால் உறழ்ச்சி.

மெய்மயக்கம்:
தமிழ்க் காதுக்கு ஒரு எச்சரிக்கை. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் க வேறுவேறாக ஒலிக்கிறது. ஒரே எழுத்து என்பதால் வேறுபாடு கவனத்துக்கு வராது. அதே பழக்கத்தில் பிறமொழித் தரவிலும் ஒலிப்புடை ஒலியையும் (குரல்நாளம் அதிர்வது) ஒலிப்பிலா ஒலியையும் (அதிராதது) ஒன்றாக எழுதிவிட்டால் அட்டவணை முழுதும் பாழ். தமிழிலேயே கடன்சொற்களில் இந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது. நடனத்தில் வரும் பாவத்தையும் புண்ணியத்துக்கு எதிரான பாவத்தையும் உச்சரித்துப் பாருங்கள்.

ஒலிப்பதிவு கையில் இருந்தால் பிராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் திறந்து, வெடிப்பொலிக்காக வாயில் காற்று அடைபடும் நேரத்தில் அலைமாலையின் (அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) அடியில் கருமையான பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குரல்நாளம் அதிர்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல்முதல் ஒலிப்புடை வெடிப்பொலிகளில் அந்தப் பட்டை பெரும்பாலும் இருக்காது. அங்கே வெடிப்புக்கும் அதிர்வின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை மில்லிசெகண்டில் அளக்க வேண்டும். பதிவை 44,100 ஹெர்ட்ஸ், வேவ் கோப்பாகவே எடுங்கள். எம்பி3 சுருக்கத்தில் நுண்விவரங்கள் கழிந்துவிடும்.