புதுப்பிப்பு: அம்மாவின் கடைவாய் வெடிப்பு ஆறிவிட்டது, காரணம் பழைய பல்செட்

மேலூரில் இருக்கும் அம்மாவுக்கு வாயின் இரண்டு ஓரமும் சிவந்து வெடிக்கிறது, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்டும் ஆறவில்லை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகப் பல்செட்டைப் பாருங்கள் என்று எழுதியவருக்கு. அவர் சொன்னதுதான் சரி.

மதுரையில் பல் டாக்டரிடம் காட்டினோம். பல்செட் தேய்ந்துபோனதால் வாய் அளவுக்கு மீறி மூடி, ஓரத்தில் மடிப்பு விழுந்து, அதில் எச்சில் தேங்கித் தேங்கி கேண்டிடா என்கிற பூஞ்சை பிடித்திருக்கிறது. க்ளோட்ரிமசோல் களிம்பு தடவச் சொன்னார். ராத்திரி பல்செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், தூங்கும்போது போடவே கூடாது. களிம்பிலேயே எரிச்சல் அடங்கிவிட்டது, ஆனால் மடிப்பு இருக்கும்வரை திரும்ப வரும் என்றதால் புது செட்டுக்கு அளவு கொடுத்தோம், அது வந்த பிறகு வெடிப்பே இல்லை. (சோழவந்தான் வெற்றிலையோடு போடும் சுண்ணாம்புதான் காரணம் என்று அடித்துச் சொன்ன சித்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.) பி2, இரும்புச்சத்து குறைந்தாலும் இதே மாதிரி வெடிக்குமாம், அம்மாவுக்கு அந்தக் குறை இல்லை.

எதிர்பாராத விஷயம் சர்க்கரை. கடைவாயில் பூஞ்சை ஆறாமல் இழுத்தால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர், பார்த்தால் கூடுதலாக இருந்தது, இப்போது அதற்கும் மாத்திரை ஓடுகிறது.