பறிகொடுத்த பிறகு எப்படி எழுந்தீங்க? வடசென்னை மக்கள் சொல்லுங்க

ராயபுரம் மருமகள்:
என் வீட்டுக்காரர் காசிமேட்டுல விசைப்படகுல இன்ஜின் வேலை பார்த்தார். மாரடைப்பு. மீன்பிடி தடைக்காலத்துல, படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும்போது போயிட்டார். கடலுக்குப் போறவன் வீட்டுல பயம்னு ஒண்ணு எப்பவும் ஒரு மூலையில உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள்தான் நாங்க நிம்மதியா தூங்குற நாள். அதுலயே இப்படி ஆச்சேன்னுதான் என் மாமியார் மாரடிச்சு அழுதாங்க.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீடு நிறைய ஜனம். அப்புறம் அவங்கவங்க வீட்டைப் பார்த்துக் கிளம்பிட்டாங்க. அதுக்கப்புறம்தான் உண்மையான துக்கமே ஆரம்பிச்சது. ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு புள்ளைங்க, கொடியில காயப்போட்டபடியே இருந்த அவர் லுங்கி.

தடை முடிஞ்சு படகுங்க கடலுக்குப் போய்த் திரும்புன அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடியே மாமியார் கூடையை எடுத்துக்கிட்டு மீன் ஏலத்துக்குக் கிளம்பிட்டாங்க. "புள்ளைய வாரிக் குடுத்தவ வியாபாரத்துக்குப் போறா பாரு"ன்னு தெருவுல பேசினாங்க. அவங்க காதுபடவே பேசினாங்க. மாமியார் கூடையை இறக்காமலே கேட்டாங்க: "வூட்ல குந்தினு இருந்தா எம்புள்ள வந்துருவானா? பேரப்புள்ளைங்க சோறு கேக்குதுங்கோ, நீ வந்து போடுவியா?"

மனசைக் கல்லாக்கிட்டுப் போனாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க மீன் கடைக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போகும்போது நான் பார்த்திருக்கேன். அருவாமனையில சங்கராவைச் சுத்தம் பண்ணிக்கிட்டே அழுவாங்க. கையெல்லாம் செதில் ஒட்டியிருக்கும், கண்ணைத் தொட முடியாது. முகத்தைத் தோள்ல சாய்ச்சு ஜாக்கெட் கையில துடைச்சுக்குவாங்க. அதே மூச்சுல, "இந்த விலைக்குக் கட்டாது கண்ணு"ன்னு பேரமும் பேசுவாங்க. அழுகை ஓயட்டும், அப்புறம் வேலைக்குப் போகலாம்னு காத்திருந்தா நாங்க எழுந்தே இருக்க மாட்டோம். அழுகையையும் கூடையில போட்டுக்கிட்டேதான் அந்தம்மா போனாங்க.

எனக்குத் தையல் தெரியும். மெஷின் மேல போட்ட துணியை நான் எடுக்கவே இல்லை. ஒருநாள் மாமியார் ஒரு பிளவுஸ் பிட்டைக் கொண்டாந்து என் மடியில போட்டாங்க. "மீன் வாங்குற பொண்ணு குடுத்துது, ஆடி முதல் வெள்ளிக்கு வோணுமாம்." அவ்வளவுதான். ஆறுதல் வார்த்தை ஒண்ணு கிடையாது. மெஷின்ல உட்கார்ந்து காலை அழுத்தினதும் அந்தச் சத்தத்துக்குச் சின்னவன் ஓடியாந்து பக்கத்துல உட்கார்ந்தான். அவங்க அப்பா இருக்கும்போது அவன் தினம் உட்கார்ற இடம் அது.

பொட்டு விஷயத்தையும் சொல்லணும். சொந்தக்காரங்க என் நெத்தியையே பார்த்தப்போ மாமியார்தான் குறுக்கே வந்தாங்க. "தொட்டில்ல கிடக்கும்போதே வச்ச பொட்டு அது. எம்புள்ளயா கொண்டாந்து வச்சான்?" இன்னிக்கும் வைக்கிறேன். புருஷனைப் பெத்தவ பக்கத்துல நின்னா ஊர் வாய் தானா அடங்கும்.

வியாசர்பாடி அண்ணன்:
படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்துட்டேன்மா. என் தம்பி பைக் ஆக்சிடென்ட்ல போனான். நம்ம பக்கம் சாவு வீட்டுல ராத்திரி முழுக்க கானா பாடுவாங்க, தெரியும்தானே? செத்தவன் எப்படி நடப்பான், எங்க டீ குடிப்பான், யார்கிட்ட வம்பு இழுப்பான், எல்லாம் பாட்டுல வரும். எங்க அம்மா அழுதுட்டிருந்தவங்க ஒரு வரியில சிரிச்சுட்டாங்க, திரும்ப அழுதாங்க. வெளியூர் சொந்தம் ஒருத்தர் முகத்தைச் சுளிச்சார். என்னைக் கேட்டா, அந்த ராத்திரி மட்டும் இல்லைன்னா நாங்க எல்லாரும் உடைஞ்சிருப்போம்.

அவன் ஃபுட்பால் ஆடுவான். பூட்ஸை நான் ஒளிச்சு வச்சிருந்தேன். ஏரியா பையன் ஒருத்தன் வெறுங்கால்ல ஆடறதைப் பார்த்துட்டு எடுத்துக் குடுத்துட்டேன். இப்ப ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு நானும் போறேன். அந்தப் பூட்ஸ் கோல் போட்டா தொண்டை அடைக்கும், ஆனாலும் விசில் அடிப்பேன்.

பெரம்பூர் சிஸ்டர்:
நான் நர்ஸ். என் அம்மாவையும் இழந்தவள். துக்கத்துக்கு அஞ்சு நிலை, ஒவ்வொண்ணா தாண்டணும்னு வாட்ஸ்அப்ல சுத்துது. 1969ல எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல மருத்துவர் எழுதினது அது. சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது. நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு யாரும் உங்களை அளக்க வேண்டாம். ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1999ல சொன்னது மேல சொன்ன ராயபுரம் மாமியாருக்கு அப்படியே பொருந்துது: துக்கத்துல இருக்கறவங்க இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவுல மாறி மாறிப் போய் வருவாங்க, அந்தப் போக்குவரத்துதான் அவங்களைத் தேத்துது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஆறு மாசத்துக்கு மேலயும் துக்கம் கொஞ்சமும் தணியாம, சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடலைன்னா அதை உலக சுகாதார நிறுவனமே சிகிச்சை தேவைப்படுற நிலையா வகைப்படுத்தியிருக்கு. செத்துப்போகலாம்னு தோணினா ஒருநாள் கூடக் காத்திருக்காதீங்க. 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம், நேரம் காலம் கிடையாது.

தண்டையார்பேட்டை அக்கா:
நான் இன்னும் எழவே இல்லை. போன மாசம்தான் அவர் போனார். பேப்பர் வேலை எதுவும் புரியலை. யாராவது சொல்லுங்களேன்.

ராயபுரம் மருமகள்:
அக்கா, எழலைன்னா பரவாயில்லை, படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா பண்ணலாம். இறப்பை 21 நாளுக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரியில நடந்திருந்தா அவங்களே பதிஞ்சிருப்பாங்க. கார்ப்பரேஷன் வெப்சைட்ல இறப்புச் சான்றிதழை எடுத்துக்கலாம், நிறைய காப்பி எடுத்து வைங்க. அடுத்து வாரிசுச் சான்றிதழ், இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சா தாசில்தார் குடுப்பார். மாமியார் இருந்தா அவங்க பேரும் வரணும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துல பெத்த அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. எங்க சான்றிதழ்ல எங்க ரெண்டு பேர் பேரும் அடுத்தடுத்து இருக்கு. வருமானம் எதுவும் இல்லைன்னா ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கும் எழுதிப் போடுங்க, 2023 ஆகஸ்ட்லேர்ந்து மாசம் 1,200 ரூபாயா உயர்த்தினாங்க.

தனியா அலையாதீங்க. நாளைக்கு மதியம் சாப்பாடு முடிச்சிட்டு நானே உங்க பக்கம் வர்றேன். ஆதார், ரேஷன் கார்டு, அவர் போட்டோ எடுத்து வைங்க. எந்தத் தெருன்னு மட்டும் மெசேஜ் போடுங்க.