பக்கத்து மாடியில் டிஷ் வைத்தால் கதிர்வீச்சு பயம் வேண்டுமா? கொங்கு வட்டார அனுபவங்கள்

பள்ளி ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்:

எங்கள் வீட்டை ஒட்டிய கட்டடத்தில் ஏடிஎம் திறந்தார்கள். அதன் இணைப்புக்காக மொட்டை மாடியில் ஒரு டிஷ் ஏறியது. வீட்டு டிடிஎச் டிஷ்ஷைப் போல இரண்டு மடங்கு அகலம். அதற்கும் எங்கள் மாடிக்கும் 12 மீட்டர் இருக்கும். பிரசவத்துக்காக நாத்தனார் வந்திருந்த நேரம் அது. "ஏங்கண்ணு, அது நம்ம ஊட்டையே பாத்துட்டு நிக்குதே, வயித்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமா?" என்று அத்தை கேட்டார். அவருடைய பயத்தை நான் தள்ளிவிட விரும்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினால்தான் தெளிவு வரும் என்று தோன்றியது.

டிஷ் மாட்ட வந்த தம்பியிடம் கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டு டிஷ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும். இது விசாட், வாங்கவும் செய்யும் அனுப்பவும் செய்யும். முன்னால் நீளும் கையின் நுனியில் துடுப்புத் துடுப்பாக ஒரு உலோகப் பெட்டி இருக்கிறதே, அதன் பெயர் பியூசி, அனுப்புவது அதுதான். இங்கே வைத்தது அனுப்பும் வலு 2 வாட், அலைவெண் 14 கிகாஹெர்ட்ஸ். தட்டின் அகலம் 1.2 மீட்டர்.

இவ்வளவு தெரிந்தால் கணக்குக்குப் போதும். அமெரிக்காவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி அமைப்பு 1997-ல் வெளியிட்ட 65-ஆம் எண் கையேட்டில் சூத்திரம் இருக்கிறது. தட்டின் செயல்திறனை அனுப்பும் வாட்டால் பெருக்கி, அதைப் 16-ஆல் பெருக்க வேண்டும். வருவதை, தட்டின் விட்டத்தின் வர்க்கத்தை 'பை' என்ற 3.14-ஆல் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். தட்டிலிருந்து கிளம்பும் அலைக்கற்றைக்கு உள்ளேயே ஒருவர் நின்றால் அவர்மேல் படக்கூடிய அதிகபட்சம் கிடைத்துவிடும். செயல்திறனை 0.65 என்று வைத்தேன். சதுர மீட்டருக்கு 4.6 வாட் வந்தது. பொதுமக்களுக்கு ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேசக் குழு 1998-ல் வகுத்த வரம்பு 10 வாட். நம் நாட்டில் 2012 செப்டம்பரில் செல்போன் டவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1 வாட் என்று வைத்தார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்ததால் இந்தக் கடுமையான அளவைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

4.6 என்பது 1-ஐவிட அதிகம்தானே என்று கேட்பீர்கள். ஆனால் அது கற்றைக்குள் நிற்பவருக்கான எண். தட்டின் விட்டம் அளவுக்காவது கற்றையை விட்டு விலகினால் அது குறைந்தது நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது அதே கையேட்டின் விதி. அப்படியானால் 0.046 வாட். சரி, நாங்கள் கற்றையை விட்டு விலகித்தான் இருக்கிறோமா? இங்கேதான் நம் ஊரின் இடவாகு உதவுகிறது. செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. கோபி வடக்கே பதினொன்றரைப் பாகையில் இருக்கிறது. 83 பாகை கிழக்கில் உள்ள செயற்கைக்கோளை இங்கிருந்து பார்க்க 75 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட உச்சி. எங்கள் பக்கமே சாய்ந்திருந்தாலும், அந்தக் கற்றை எங்கள் மாடிக்கு நேர் மேலே வரும்போது ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் போகும்.

"அப்புறம் ஏன் நம்மளப் பாக்குற மாதிரியே இருக்குது?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி. இந்த மாதிரித் தட்டுகளில் கை நடுவிலிருந்து நீளாமல் கீழ் விளிம்பிலிருந்து நீளும். அதனால் தட்டின் முகம் காட்டும் திசையைவிட ஏறக்குறைய இருபது பாகை மேலே பார்த்துத்தான் அலை கிளம்பும். தட்டு வீட்டைப் பார்ப்பதுபோல் நின்றாலும் அலை வானத்துக்குப் போகிறது. இதைத் தாளில் வரைந்து காட்டினேன். அன்று சாயங்காலமே நாத்தனார் பழையபடி மாடியில் நடக்க ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே மாதிரி அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது. உறுதியாகத் தெரிந்த பாதிப்பு சூடு, அதை வைத்துத்தான் வரம்பு போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்ததும் உண்மை. அதை மறைக்காமல் அத்தையிடம் சொன்னேன். மறைத்தால் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

விசாட் டெக்னீசியன், பல்லடம்:

டீச்சருங்க கணக்கு சரிங்க. சுற்றி இருக்கும் வீடுகளைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. டிஷ்ஷின் மேல் கை வைக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

உடுமலை பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் லிங்க் விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், பியூசிக்கு முன்னால், அலையைத் தட்டின் மேல் விடும் குழல் போன்ற ஃபீட் ஹார்னின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. பங்க் பையன் நல்ல மனசோடு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டான். ஹார்னுக்கு நேரே முகத்தை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். கீழே மோடம் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, மொதல்ல பின்னால வா சாமி!" என்று கத்தினேன்.

ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், டிஷ் முழுக்கப் பரவும் அந்த 2 வாட் ஹார்னின் வாயில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. வாய் 8 சென்டிமீட்டர் என்றால் சராசரியாகவே சதுர மீட்டருக்கு 400 வாட் வருகிறது. நடுவில் இன்னும் அதிகம். பொதுமக்கள் வரம்பு 10, எங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்கு 50. விசாட் விடாமல் அனுப்பாது, விட்டு விட்டுத்தான் அனுப்பும் என்பதால் சராசரி குறையும். அதை நம்பி முகத்தை நீட்டக் கூடாது. கண்ணில் உள்ள லென்ஸில் ரத்த ஓட்டம் இல்லை, சூடு ஏறினால் அதை எடுத்துப் போக வழியில்லை. பலமான மைக்ரோ அலையால் கண்புரை வரும் என்று எங்கள் பயிற்சியிலேயே சொல்வார்கள்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஹார்னுக்கும் தட்டுக்கும் நடுவில் தலையோ கையோ போகக் கூடாது. ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கீழே மோடத்தை அணைத்து, அனுப்பும் கேபிளையும் கழற்றிவிட்டு, அப்புறம் ஏறுங்கள். ஏறினாலும் தட்டின் முதுகுப் பக்கமாக வாருங்கள். கேபிளைக் கழற்றிய இடத்தில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மேலே இருக்கும்போது கீழே இருப்பவர் "நெட் போயிருச்சு" என்று மறுபடி மாட்டிவிடுவார்.

கணக்குப் போடும்போது பியூசி மேல் எழுதியிருக்கும் முழு வாட்டையே எடுங்கள். மழை கனத்தால் சிக்னல் மங்கும், அப்போது பவரைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் கருவிகள் உண்டு. வால்பாறை எஸ்டேட் பக்கம் போனால் மழைக்காலத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்.

பழைய கேபிள் ஆபரேட்டர், ஈரோடு:

எங்கள் கண்ட்ரோல் ரூம் மாடியில் பெரிய பெரிய டிஷ்களாக நிற்கும். எல்லாம் வாங்குகிற டிஷ், அனுப்புகிற பேச்சே இல்லை. இருந்தும் ஒரு மார்ச் மாதம், வேலைக்கு வந்த பையன், தட்டு குவிக்கும் சிக்னலை வாங்கும் எல்என்பி பெட்டி பக்கத்தில் கையை வைத்துவிட்டு "சுட்டுருச்சுங்ண்ணா, ரேடியேசன்" என்று அலறினான். தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சுட்டது சூரியன்தான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரம் படம் புள்ளி புள்ளியாகும், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். டிஷ் அப்போது சூரியனையே பார்ப்பதால் வெயிலையும் குவிக்கிறது. அந்த டிஷ்ஷுக்கு யாரோ பளபளப்பான பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். மங்கலான பெயிண்ட் அடித்த பக்கத்து டிஷ்ஷில் அந்தச் சூடு இல்லை. அதையே தொடச் சொல்லிக் காட்டிய பிறகுதான் பையன் மாடிக்கு மறுபடி ஏறினான்.

தென்னை விவசாயி, பொள்ளாச்சி:

எங்கள் தோப்புக்குப் பக்கத்து இடத்தில் ஒரு விசாட் வந்தது. சில மாதத்தில் தென்னை மட்டைகள் கறுத்தன. டிஷ்தான் காரணம் என்று பங்காளிகள் சண்டைக்கே போய்விட்டார்கள். மகன் ஆன்லைனில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். டிஷ் பக்கம் காட்டினால் சத்தமில்லை, வீட்டு வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் காட்டினால் அலறியது. அப்போது நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பெட்டி மேல் எழுதியிருந்ததைப் படித்தோம், அந்த மீட்டர் 3 கிகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்குமாம். 14 கிகாஹெர்ட்ஸ் அதற்குத் தெரியவே தெரியாது. வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். காட்டாத மீட்டரை வைத்துக்கொண்டு 'பாதுகாப்பு' என்று சொன்னாலும் தப்பு, வைஃபைக்குக் கத்துவதைக் கேட்டு டிஷ்ஷைப் பழித்தாலும் தப்பு.

மட்டை கறுத்ததற்குக் காரணம் வேறு. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் ஓலையைக் காட்டினோம். அடிப்பக்கம் வட்ட வட்டமாக வெள்ளைப் பூச்சு, சுருள் வெள்ளை ஈ. 2016-ல் இந்தியாவிலேயே முதலில் நம் பொள்ளாச்சியில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது சுரக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் கரும்பூசணம் படர்கிறது. மஞ்சள் ஒட்டுப் பொறி கட்டினோம், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி விட்டோம், மைதா பசையைக் கரைத்துத் தெளித்தோம், காய்ந்ததும் கறுப்பு பெயர்ந்து விழுந்தது. டிஷ் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. பங்காளிகளோடு பேச்சுவார்த்தை சீராகத்தான் நாளானது.

டிவி கேமராமேன், கோவை:

வேனின் மேல் டிஷ் வைத்து நேரலை அனுப்புவோமே, அதை மட்டும் 2 வாட் விசாட்டோடு சேர்த்து நினைக்காதீர்கள். 200 வாட், 1.8 மீட்டர் தட்டு என்றால், டீச்சர் சொன்ன அதே சூத்திரத்தில் கற்றைக்குள் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்கு மேல் வருகிறது. கிட்டத்தட்ட 38 மீட்டர் தூரம் வரை அந்த அளவு நீடிக்கும். அதனால் பால்கனிக்குக் கீழேயோ காந்திபுரம் மேம்பாலத்தை ஒட்டியோ வேனை நிறுத்த மாட்டோம். ஓட்டெண்ணிக்கை நாட்களில் கூட்டத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று வேன் மேல் ஏறப் பார்ப்பார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போது யாரையும் ஏற விடுவதில்லை, போலீஸ்காரரே கேட்டாலும் சரி.

பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்:

எங்களுடையது வாடகை வீடு. தொட்டில் கட்டியிருக்கும் ஜன்னலுக்கு வெளியே டிடிஎச் டிஷ் மாட்டியிருக்கிறார்கள். கழற்றச் சொல்லட்டுங்களா?

விசாட் டெக்னீசியன், பல்லடம்:

கதிர்வீச்சுக்காகக் கழற்ற வேண்டாங்க. அதில் அனுப்பும் பெட்டியே இல்லை. கேபிளில் போவது எல்என்பிக்கான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம்தான். சுவரில் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஆடிக் காற்றில் தட்டு விழுந்தால் அது வேறு ஆபத்து. இடம் மாற்றுவதாக இருந்தால், ஜன்னலுக்கு வெளியே கரண்ட் கம்பி எவ்வளவு தள்ளிப் போகிறது என்று முதலில் கவனியுங்கள். இரும்புக் குழாயைத் தூக்கும்போது கம்பியில் பட்டு அடிபட்டவர்களை எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறேன். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தச் சொன்ன பிறகே ஆளை ஏற்றுங்கள்.