எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போவது?

ஜங்ஷன் பையன்

வணக்கம். மூன்று மாதமாக இதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

இப்போது இருப்பது சென்னை பெரும்பாக்கத்தில் வாடகை வீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான்கு நாள் கரண்ட் இல்லை, கார் இன்ஜினுக்குள் தண்ணீர். கோடையில் நேர்மாறாகத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்க வேண்டும். எனக்கு மென்பொருள் சோதனை வேலை, முழுக்க வீட்டிலிருந்துதான். மனைவி ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். மகள் அடுத்த வருடம் ஐந்தாவது. அம்மாவுக்கு 68 வயது, இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

சொந்த ஊர் என்று ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் அரக்கோணம், ஜோலார்பேட்டை, விழுப்புரம் என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வளர்ந்தவன். எங்கும் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

எக்செல்லில் பதினோரு காலம் (column) போட்டு மதிப்பெண் கொடுத்தேன். தென்காசி 71, திருச்சி 69, கோவை 68, கோத்தகிரி 60. ஆனால் வெயிலுக்கான மதிப்பெண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் கோத்தகிரி மேலே வந்துவிடுகிறது. ராத்திரி ஒரு ஊர் முடிவாகிறது, விடிந்தால் வேறு ஊர். மனைவி தென்காசிதான் என்கிறார் (போன ஆடியில் குற்றாலம் போனதிலிருந்து). எங்கே தப்பு செய்கிறேன்?

சாரல் காற்று

நான் தென்காசிக்காரன்தான், ஆனால் ஊருக்கு விளம்பரம் செய்யப் போவதில்லை. அண்ணி வந்தது ஆடியில். சித்திரையில் ஒரு தடவை வரச் சொல்லுங்கள், பாறை சூடு தெரியும்.

சீசனைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். விருந்தாளிக்குச் சாரல் சுகம்தான். குடியிருப்பவனுக்குத் துணி மூன்று நாளானாலும் காயாது, பீரோவில் இருக்கும் தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். சனி ஞாயிறு குற்றாலம் ரோட்டுப் பக்கம் வண்டி எடுக்கவே முடியாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம்.

மற்றபடி நல்ல ஊர்தான். 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதால் எல்லாவற்றுக்கும் நெல்லைக்கு ஓடுவது குறைந்தது. பக்கத்து மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் கம்பெனி 2011-லிருந்தே இருக்கிறது, அதனால் கம்ப்யூட்டர் வேலை என்றால் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் சாயந்திரம் ஏறினால் காலையில் எழும்பூர்.

ஆனால் அண்ணே, அம்மாவுக்கு ஸ்டென்ட் என்கிறீர்கள். நெஞ்சுவலி வந்தால் எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் நெல்லைக்குத்தான் கொண்டுபோகிறோம். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அதை எக்செல்லில் எத்தனை மதிப்பெண் போட்டீர்கள்?

ஜங்ஷன் பையன்

மருத்துவமனைக்குப் பத்துக்கு ஆறு போட்டேன் தம்பி. இப்போது பார்த்தால் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருக்கிறேன்.

கணக்குவாத்தி

தப்பு அங்கேதான் இருக்கிறது. வாடகை மலிவு என்பதற்கு ஒன்பது, ஆஸ்பத்திரிக்கு ஆறு என்று போட்டுக் கூட்டுகிறீர்கள். இட்லி விலை குறைந்தால் ஆஞ்சியோ (இதய அடைப்பைப் பார்த்து நீக்குவது) செய்யும் இடத்தின் தூரம் குறைந்துவிடுமா? கூட்டக் கூடாதவற்றைக் கூட்டினால் தினமும் வேறு வேறு விடைதான் வரும்.

முதலில் வடிகட்டுங்கள். நெஞ்சுவலி என்றால் அரை மணி நேரத்துக்குள் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆஞ்சியோ செய்யும் இடம் இருக்க வேண்டும். அது இல்லாத ஊரை அடித்துவிடுங்கள். "இதய சிகிச்சைப் பிரிவு" என்று போர்டு இருப்பதை நம்பாதீர்கள். போன் போட்டு, ராத்திரி டாக்டர் அங்கேயே இருக்கிறாரா, கூப்பிட்டால்தான் வருவாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது, "எந்த ஊரிலும் இருக்கலாம்" என்பது கடிதத்தில் இருக்கிறதா, மேனேஜர் வாயில் இருக்கிறதா? எனக்கு வாயில்தான் இருந்தது. ஒன்றரை வருடத்தில் வாரம் மூன்று நாள் வா என்றார்கள்.

ஜங்ஷன் பையன்

மெயிலில் இருக்கிறது ஐயா. "மறு அறிவிப்பு வரும் வரை" என்ற வார்த்தையும் இருக்கிறது.

கணக்குவாத்தி

அப்படியானால் வீடு வாங்குவதைப் பற்றி இப்போது பேச்சே வேண்டாம். வாடகைதான். சென்னைக்குப் பகல் ரயிலில் போகக்கூடிய ஊராக இருந்தால் இன்னும் நல்லது.

தேயிலைத்தோட்டம்

கோத்தகிரியில் ஏழு வருடம் இருந்து இறங்கி வந்தவள். அந்தக் குளிரை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் இருந்து ரோட்டுக்குப் போக நாற்பத்திரண்டு படி. என் மாமியார் முட்டி வலியோடு அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் கரடியோ காட்டுமாடோ வரலாம் என்று யாரும் தனியாக வெளியே போவதில்லை. பெரிய வைத்தியம் என்றால் மேட்டுப்பாளையம் வரை வளைவு வளைவாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறங்கி, அப்புறம் கோவை. மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேறு இருக்கிறது. குடியிருப்பவர்களுக்குத் தேவையில்லை, பார்க்க வரும் சொந்தக்காரர்கள் எடுக்க வேண்டும்.

நொய்யல் கரை

கோவைக்கு யாரும் பேசவில்லையே! பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்றே போதுமுங்க. ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லை. வாடகைதான் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் சென்னையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கோவை என்றாலே சிறுவாணித் தண்ணீர் என்று நினைத்து வராதீங்க, எல்லாப் பக்கமும் அது வராது, பில்லூர்த் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு. குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்க, புரோக்கரிடம் கேட்காதீங்க.

தேயிலைத்தோட்டம்

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பதினோரு காலம் போட்டீர்களே, அம்மாவிடம் கேட்டீர்களா?

ஜங்ஷன் பையன்

(நான்கு நாள் கழித்து)

கேட்கவில்லைதான் அக்கா. நேற்று கேட்டேன். "எந்த ஊராக இருந்தாலும் சரி, ஒரு கட்டுக் கீரை வாங்க உன்னைக் காரை எடு என்று சொல்ல வைக்காதே" என்றார். ஆறு வருடமாக இந்த அபார்ட்மென்ட் கேட்டுக்கு வெளியே அவர் தனியாகப் போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளியே போனால் சர்வீஸ் ரோடு, அதைத் தாண்டினால் லாரி.

நடந்துபோகும் தூரத்தில் காய்கறி, மருந்துக்கடை, கோயில், சமதளத் தெரு. இதைச் சேர்த்ததும் கோத்தகிரி போய்விட்டது. எங்கள் பட்ஜெட்டுக்குக் கோவையில் கிடைப்பதும் ஊருக்கு வெளியே இருக்கும் அடுக்குமாடிதான். தென்காசி ஆஸ்பத்திரி தூரத்தில் அடிபட்டது (மனைவி இன்னும் பேசவில்லை). மிச்சம் திருச்சி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், சரிதானே?

காவிரிப் பாலம்

ஸ்ரீரங்கத்துக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். தெரு அருமை, தண்ணீர் அருமை. ஆனால் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கோயிலைச் சுற்றித் தடுப்பு போட்டுவிடுவார்கள். வாசலுக்கு ஆட்டோவே வராது என்றால் 108 எப்படி வரும்?

அடுத்தது பாலம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. பெரிய ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் தென்கரையில், தில்லை நகர், கன்டோன்மென்ட் பக்கம். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள், மறுபடி திறக்க மாதக்கணக்கு ஆனது. அதுவரை பைபாஸ் சுற்றித்தான் போனோம்.

உங்கள் தேவைக்கு உறையூர் பாருங்கள். பழைய ஊர், சமதளம், தெருவுக்குத் தெரு கடை, வெக்காளியம்மன் கோயில் பக்கம். தில்லை நகரை ஒட்டியே இருக்கிறது, வாடகை அதைவிடக் குறைவு.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம்தான். எழுதிக் கொடுத்துவிட்டால் எழுதியதுதான் நிற்கும், அதனால் முதலிலேயே பேசுங்கள்.

வருவதானால் மே மாதத்தில் ஒரு வாரம் லாட்ஜில் தங்கிப் பாருங்கள். கத்திரி வெயிலில் பிடித்தால் மற்ற பதினோரு மாதமும் பிடிக்கும்.

ஜங்ஷன் பையன்

(ஜூன் கடைசி)

எல்லோருக்கும் நன்றி. மே இரண்டாவது வாரம் எல்லோரும் போய்த் தங்கினோம். வெயில் நாற்பதைத் தொட்டது. மதியம் தெருவில் நாய்கூட இல்லை. மகள் தினமும் ஒரு நன்னாரி சர்பத் கணக்கு வைத்தாள். ஆனால் சாயந்திரம் ஆறு மணிக்கு அம்மா தனியாக இறங்கிப் போய் முருங்கைக்கீரையும் கால் கிலோ வெண்டைக்காயும் வாங்கி, வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்த்த கதையோடு திரும்பி வந்தார்.

இரண்டு ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். ஒன்றில் ராத்திரி டாக்டர் "வருவார்", இன்னொன்றில் "இருக்கிறார்". இரண்டாவதிலிருந்து ஆட்டோவில் ஒன்பது நிமிடத்தில் ஒரு வீடு பிடித்து, மூன்று மாத அட்வான்ஸில் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் நெட் நிற்கக் கூடாது என்று இன்வெர்ட்டரில் மோடத்துக்கும் தனி லைன் இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் டிசியும் எமிஸ் எண்ணும் (மாணவர் அடையாள எண்) கேட்டார்கள், அவ்வளவுதான். தென்காசிக்கு ஆடியில் பத்து நாள் என்று மனைவியோடு சமாதான உடன்படிக்கை.

காவிரிப் பாலம்

நல்லது! எந்த மாடி?

ஜங்ஷன் பையன்

இரண்டாவது. அதுதான் கடைசி மாடி, மொட்டை மாடியையும் நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். லிஃப்ட் இல்லை, ஆனால் படி அகலம், அம்மா ஏறிவிடுகிறார்.

காவிரிப் பாலம்

மொட்டை மாடியை ஏன் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று அடுத்த பங்குனியில் தெரியும். ஓனரிடம் பேசி இப்போதே தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்துவிடுங்கள், மழைக்கு முன்னால். கீழ்த்தளம் எப்போதாவது காலியானால் முதலில் உங்களுக்குச் சொல்லச் சொல்லி வையுங்கள்.

ஜங்ஷன் பையன்

ஐயோ. சரி, பெயின்ட் எந்தக் கடையில் வாங்குவது?