பாலித் தீவின் இசைக்குறிகளில் புள்ளி வட்டம் வருகிறது, என்ன செய்வது?

ரோஸ்ஹில் தாளம்:
வணக்கம். ரோஸ் ஹில்லில் மிருதங்க மாணவர்களுக்காகப் பாலித் தீவின் கேமலான் என்ற இசைக்குழு மரபு பற்றித் தமிழில் ஒரு பாடக்குறிப்பு தயாராகிறது. இணையப் பக்கமாகவும் அச்சாகவும் வேண்டும். பாலி விசைப்பலகையில் அடித்தால் டிங், டோங், டெங், டுங் என்ற ஸ்வரக் குறிகள் நான்கிலும் புள்ளி வட்டம் (◌) ஒட்டிக்கொள்கிறது. கோங் (பெரிய தொங்குமணி) விழும் இடத்தைக் காட்டும் குறியை மட்டும் தடித்த எழுத்தாக்கினால் அது ஸ்வரத்தை விட்டு விலகிப்போகிறது. எழுத்துருவை மாற்றியும் பலனில்லை.

மோக்கா எழுத்துரு:
நீங்கள் அடிப்பது இசைக்குறி அல்ல, உயிர்க்குறி. டிங் உலுவை (இகரக் குறி) போலவும் டுங் சுகுவை (உகரக் குறி) போலவும் இருப்பதால் வரும் குழப்பம் இது. நம் ஒற்றைக்கொம்பைத் தனியே அடித்தால் வட்டம் வருமே, அதே கதைதான்.

யூனிகோடு 5.0 (2006) பாலி எழுத்தைச் சேர்த்தபோதே இசைக்குறிகளுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டது. பதின்ம எண்ணில்: டோங் 7009, டெங் 7010, டுங் 7011, டாங் 7012, டிங் 7014. இடையில் இருக்கும் 7013 டாங் சுராங் என்ற வேறு குறி. இணையப் பக்கத்தில் ᭦ என்று எழுதினால் டிங் வந்துவிடும், விசைப்பலகையே வேண்டாம்.

தெகெ (உயர்வு) 7019, எண்டெப் (தாழ்வு) 7020, கெம்புல் (சிறிய தொங்குமணி) 7021, கோங் 7027 எல்லாம் ஒட்டுக்குறிகள். ஸ்வரத்துக்குப் பின்னால்தான் வரவேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் மறுபடி வட்டம். தடித்த எழுத்தாக்கியதும் ஸ்வரம் ஒரு எழுத்துருவிலும் கோங் இன்னொன்றிலும் போய்விடுவதால் ஒட்டும் புள்ளி தொலைகிறது. இரண்டையும் சேர்த்தே தடிப்பாக்குங்கள்.

எழுத்துருவைச் சோதிக்க 7009, 7019, 7020, 7028 நான்கும் போதும். ஏதாவது பெட்டியாக வந்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். பழைய பாலி சிம்பார் கோப்பு கைக்கு வந்தால் கவனம்: லத்தீன் எழுத்துகளின் மேல் பாலி வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு அது. ஒட்டினால் லத்தீன்தான் வரும், எண்ணுக்கு எண் மாற்றியாக வேண்டும்.

டர்பன் நிரலர்:
தேடலில் மாட்டிக்கொள்வீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். எண்டெப்பின் சேர்ப்பு வகுப்பு (ஒட்டுக்குறிகளை வரிசைப்படுத்த யூனிகோடு தரும் எண்) 220, மற்ற ஒட்டுக்குறிகளுக்கு 230. எண்டெப்பையும் கெம்புலையும் எந்த வரிசையில் அடித்தாலும் இயல்பாக்கம் (குறி வரிசையைச் சீராக்கும் யூனிகோடு முறை) ஒன்றாக்கிவிடும். தெகெயும் கெம்புலும் அப்படியல்ல. முன்பின் மாறினால் கணினிக்கு இரண்டும் வேறு. தெகெ முதலில் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜெகோகன் (தாழ்ந்த ஒலியுள்ள உலோகத் தட்டுக் கருவி) குறியோடு சேர்ந்த கெம்புலுக்கு 7024 என்று தனி எண்ணும் உண்டு. அது 7021, 7023 என்று பிரியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே எழுதுங்கள்.

பெலோக் செலிசிர் என்ற ஐந்து ஸ்வர வரிசையில் ஏறுவரிசை டிங், டோங், டெங், டுங், டாங். எண் வரிசையை நம்பி நிரலில் சுருதி கணக்கிட்டால் டிங் உச்சிக்குப் போய்விடும். தனி அட்டவணை வையுங்கள்.

ரோஸ்ஹில் தாளம்:
நன்றி, எண்களைப் போட்டதும் வட்டம் போய்விட்டது. ஆனால் வரி கண்ட இடத்தில் உடைகிறது. கெண்டாங் (இருமுக மேளம்) அடிகளுக்கும் எண் உண்டா?

மோக்கா எழுத்துரு:
எந்த இரண்டு ஸ்வரத்துக்கும் நடுவில் வரியை உடைக்கலாம் என்பதே யூனிகோடு விதி. காலப் பிரமாணத்துக்கும் அதில் குறி கிடையாது. அதனால் அட்டவணை போட்டு, ஓர் அடிக்கு ஒரு கட்டம், நான்கு அடிக்கு ஒரு கனமான கோடு என்று வையுங்கள். கோங் கடைசிக் கட்டத்தில்தான் விழும். சமத்தில் தாளம் தொடங்கிப் பழகிய பிள்ளைகள் அதை முதல் கட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

கெண்டாங் 7028 முதல் 7036 வரை, எல்லாம் தனியே நிற்பவை. வலக்கை: டுக், டாக் திறந்த அடி, துக், தாக் மூடிய அடி. இடக்கை: பாங், புங், பிங் திறந்தவை, பிளாக், பிளுக் மூடியவை. பாலியில் பெரிய முகம் வலப்பக்கம், கனத்த ஒலியும் அங்கேதான். டுக்கை வலந்தலை (மிருதங்கத்தின் வலது முகம்) என்று எழுதினால் மிருதங்கப் பிள்ளைகள் எடுப்பான ஒலியை எதிர்பார்ப்பார்கள். வலக்கை என்று மட்டும் எழுதுங்கள்.