கடுகுக் கீரை சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது, ஏன்?

பெருந்துறைத் தோட்டம்:
வணக்கமுங்க. பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாப் குடும்பம் இருக்கிறது. போன மார்கழியில் அந்த அக்கா கடுகுக் கீரையைக் கடைந்து, மக்காச்சோள ரொட்டியோடு கொடுத்தார். அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. நாமே வளர்த்து அவருக்கும் ஒரு கட்டு கொடுக்கலாம் என்று, மாசிக் கடைசியில் அஞ்சறைப் பெட்டிக் கடுகையே கிணற்றடிப் பாத்தியில் தூவினேன். நாலாம் நாள் முளைத்துவிட்டது. செம்மண்ணில் மக்கிய சாணி எரு போட்டு, தினமும் தண்ணீரும் விட்டேன். ஆனால் 25ஆம் நாளே மஞ்சள் மொட்டு! ஒரு இலையைக் கிள்ளி மென்றால் காரம் மூக்கில் ஏறுகிறது. இலைக்கு அடியில் சாம்பல் அப்பினாற்போல் பூச்சி வேறு. எங்கே தப்பு செய்தேன்?

கோபி வாய்க்கால்கரை:
மாதம்தான் தப்பு அம்மிணி. கடுகு குளிர்காலப் பயிர். பங்குனி வெயில் சுள்ளென்று அடித்தால் இலை விடுவதை விட்டுப் பூவுக்குப் போய்விடும், காரமும் கூடும். ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் விதையுங்கள். 2 வாரம் கழித்து இன்னொரு பாத்தி போட்டால் தை வரைக்கும் பறிக்கலாம். அப்புறம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பது விதைக்காக வளர்க்கும் கடுகு. கீரைக்கென்று அகல இலை ரகம் இருக்கிறது, விதைக் கடையில் கேளுங்கள். இப்போது இருப்பதைப் பிடுங்கி எறிய வேண்டாம். மொட்டோடு இளந்தண்டை ஒடித்துத் தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல் செய்யுங்கள், அருமையாக இருக்கும்.

காங்கயம் அத்தை:
அந்தச் சாம்பல் அசுவினிதான் கண்ணு. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளி. மேலே மட்டும் தெளித்தால் அது பாட்டுக்கு அடியில் குடித்தனம் நடத்தும். முட்டைக்கோசு, முள்ளங்கி போட்ட பாத்தியில் கடுகு போடாதே. எல்லாம் ஒரே இனம், பூச்சியும் ஒன்றுதான். கடுகு ரொம்பப் பொடி விதை, மணலில் கலந்து தூவினால்தான் பரவலாக விழும். நெருக்கமாக முளைத்ததைக் களைந்து பருப்பில் போட்டுவிட்டு, சாண் இடைவெளியில் மிச்சத்தை விடு.

பெருந்துறைத் தோட்டம்:
மார்கழி வந்துவிட்டது, சொல்ல வேண்டும் என்று வந்தேன். கார்த்திகை முதல் வாரம் அகல இலை விதை போட்டேன். கோபி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. 32ஆம் நாள் வெளி இலைகளை மட்டும் ஒடித்தேன், உள்ளங்கையை விடப் பெரிது. ஓரமெல்லாம் சுருள் சுருளாக, காலைப் பனி அந்தச் சுருக்கங்களில் தேங்கி நின்றது. நடுக்குருத்தைத் தொடவில்லை, மறுபடி தழைக்கிறது. ஒரு கட்டு பஞ்சாப் அக்காவுக்குப் போனது. காரம் அடங்கப் பாதிக்குப் பாதி பசலை சேர்க்கச் சொன்னார். எங்கள் வீட்டு மத்திலேயே இருவரும் மாற்றி மாற்றிக் கடைந்தோம். நாளைக்கு இரண்டாம் பாத்தி பறிக்கிறேன்.