டெடம் என்ற பியூரிட்டன் ஊரின் தொடக்க வரலாறு: காலிங்கராயன் வாய்க்கால் கரையிலிருந்து சில கேள்விகள்

கேட்டவர்: கடைமடையான், கொடுமுடி

அனைவருக்கும் வணக்கம். காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடைப் பகுதியில், கொடுமுடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரின் வரலாற்றை எழுதும் வேலையைப் பணி ஓய்வுக்குப் பிறகு கையில் எடுத்திருக்கிறேன். கோயில் கல்வெட்டுகளின் படிகள், பழைய கிரயப் பத்திரங்கள், பெரியவர்கள் வாயால் கேட்ட செய்திகள் என்று ஓரளவு சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரு சிற்றூரின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கம் தீரவில்லை. மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பாஸ்டன் நகருக்குத் தென்மேற்கே உள்ள டெடம் என்ற ஊர் கண்ணில் பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையில் எஞ்சியிருந்த பழைய சடங்குகளை நீக்கித் தூய்மைப்படுத்த வேண்டும் என்று வாதிட்ட பியூரிட்டன்கள், கடல் கடந்து போய் 1636இல் அமைத்துக்கொண்ட ஊர் அது.

என்னை அங்கே நிறுத்தியது ஒரு வாய்க்கால். குடியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் அவர்கள் சார்லஸ் ஆற்றையும் நெபோன்செட் ஆற்றையும் இணைத்து ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். பவானி ஆற்றில் தலைப்பெடுத்து, ஏறத்தாழ 56 மைல் வளைந்து நெளிந்து ஓடி, நொய்யலில் போய்ச் சேரும் வாய்க்காலின் தண்ணீரில் வளர்ந்தவன் இதைப் படித்துவிட்டு எப்படிக் கடந்து போக முடியும்? நம்முடையது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அளவிலும் மிகப் பெரியது என்பதை அறிவேன். பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஊரில் வாய்க்கால் வெட்டும் முடிவை யார் எடுத்தார்கள், ஊருக்குள் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், நிலத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் சொன்னால் என் வேலைக்கு ஒரு வழி கிடைக்கும்.

பதில்: கூடுதுறை வாசகர், பவானி

வணக்கம் ஐயா. வேலை நிமித்தமாக டெடமுக்கு அடுத்த ஊரில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ‘மதர் புரூக்’, அதாவது தாய் ஓடை, என்று அவர்கள் அழைக்கும் அந்த வாய்க்காலின் கரையில் பல முறை நடந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நம் ஊர் நினைவுதான் வந்தது.

வாய்க்காலின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடையது பாசனத்துக்கு, அவர்களுடையது மாவரைப்பதற்கு. சார்லஸ் ஆறு அந்த இடத்தில் மிகவும் மந்தமாக ஓடுவதால் நீராலைச் சக்கரத்தைச் சுழற்றும் விசை அதில் கிடைக்கவில்லை. ஆனால் சற்றுத் தொலைவில், நெபோன்செட் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு சிற்றோடை இருந்தது. இரண்டு ஆறுகளுக்கும் இடையே நாற்பது அடிக்கு மேல் மட்ட வேறுபாடு உண்டு. சார்லஸ் ஆற்றிலிருந்து அந்த ஓடை வரை ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாகவே இறங்கும் என்று கண்டு, 1639இல் ஊர்க்கூட்டம் கூடி, ஊர்ச் செலவில் வெட்டுவது என்று தீர்மானித்தார்கள். 1641இல் அதன் கரையில் முதல் நீராலை ஓடியது. ஐரோப்பியக் குடியேறிகள் அமெரிக்காவில் வெட்டிய முதல் வாய்க்கால் என்று இதைக் குறிப்பிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இதே தண்ணீரை நம்பிப் பருத்தி ஆலைகளும் கம்பளி ஆலைகளும் வரிசையாக எழுந்தன. சார்லஸ் ஆற்றின் கீழ்ப்பகுதி ஆலைக்காரர்கள் தங்கள் தண்ணீர் குறைகிறது என்று வழக்காடியதும் உண்டு. திருப்பூரையும் ஈரோட்டையும் அறிந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். தொடக்கத்தில் மணமானவருக்கு 12 ஏக்கரும் மணமாகாதவருக்கு 8 ஏக்கரும் வீட்டுமனையாக ஒதுக்கினார்கள். ஊருக்கு அளிக்கப்பட்ட மொத்தப் பரப்பு ஏறத்தாழ 200 சதுர மைல்; ஆனால் அதை ஒரே நாளில் பங்கிட்டு முடித்துவிடவில்லை. பெரும்பகுதியைப் பொதுவில் வைத்துக்கொண்டு, குடும்பத்தில் எத்தனை பேர், சொத்து எவ்வளவு, ஊருக்கு ஆற்றிய பணி என்ன என்பவற்றைப் பார்த்துச் சிறிது சிறிதாகப் பங்கிட்டார்கள். பின்னாளில் மெட்ஃபீல்ட், ரென்தம், நீடம் முதலிய ஊர்கள் அந்தப் பரப்பிலிருந்தே பிரிந்தன. அன்றாட நிர்வாகத்தை 1639 முதல் ஊரார் தெரிவுசெய்த எழுவர் கவனித்துக்கொண்டார்கள். 1644ஆம் ஆண்டின் முதல் நாளில் ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்துக்கென்று ஆண்டுக்கு 20 பவுன் ஒதுக்கியது. வரிப்பணத்தில் பள்ளி நடத்திய மிகப் பழைய ஊர்களுள் இது ஒன்று.

இவையெல்லாம் நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், கூட்டத்தில் பேசி முடித்தவற்றை ஊர் எழுத்தர் அன்றைக்கே ஏட்டில் பதிந்து வைத்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஏடுகளை ஊராரே தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். காலிங்கராயன் தன் வாய்க்காலின் தண்ணீரைத் தானும் தன் வழியினரும் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்ற செய்தி நம்மிடம் இருக்கிறது. வெட்டியவர்களின் கூலிக் கணக்கு இல்லை. அவர்களிடம் ஊர்க்கூட்டத் தீர்மானங்களின் ஏடு இருக்கிறது; அப்படி ஒரு கதை இல்லை. நீங்கள் இரண்டையும் ஒரே நூலில் வைக்க முடிந்தால் அது பெரிய காரியம்.

பதில்: அமராவதிக் கரை, தாராபுரம்

வணக்கம் ஐயா. நான் வரலாற்று முதுகலை மாணவி. பவானி ஐயா எழுதியவற்றோடு, உங்கள் இரண்டாவது கேள்வியான “யாரைச் சேர்த்துக்கொண்டார்கள்” என்பதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊரின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

1636இல் குடியேறிகள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதில் ஐந்து விதிகள். அன்பின் வழியில் ஒன்றுபட்டு வாழ்வது முதலாவது. மாறுபட்ட மனமுடையவர்களை எல்லா வகையிலும் விலக்கிவைத்து, ஒத்த உள்ளம் உடையவர்களை மட்டுமே சேர்ப்பது இரண்டாவது. ஊராருக்குள் பிணக்கு வந்தால் அதை உடனே தங்களுள் ஒருவர், இருவர் அல்லது மூவரிடம் ஒப்படைத்துத் தீர்த்துக்கொள்வது மூன்றாவது. நிலம் பெற்ற ஒவ்வொருவரும் ஊர்ச் செலவில் தம் பங்கைச் செலுத்தி ஊர்க்கட்டுப்பாடுகளுக்கு அடங்கி நடப்பது நான்காவது. இவை பின்வரும் தலைமுறைகளையும் கட்டுப்படுத்தும் என்பது ஐந்தாவது. மூன்றாம் விதியைப் படிக்கும் நம் பக்கத்துக்காரர் எவருக்கும் ஊர்ப் பெரியவர்கள் மரத்தடியில் அமர்ந்து வரப்புத் தகராறு தீர்ப்பது நினைவுக்கு வரும். ஆனால் முதல் விதியையும் இரண்டாம் விதியையும் பிரித்துப் படிக்கக் கூடாது. அவர்களுடைய அன்பு விலக்குவதன் மேல்தான் நின்றது. தங்கள் ஊருக்கு ‘மனநிறைவு’ என்ற பொருளில் பெயரிடக் கேட்டவர்கள் அவர்கள். மாசசூசெட்ஸ் காலனியை ஆண்ட பேரவைதான் இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயரான டெடம் என்பதை வைத்தது.

ஊரில் குடியிருப்பது ஒன்று, திருச்சபையில் உறுப்பினராவது வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீண்ட உரையாடல்களுக்குப் பிறகு 1638 நவம்பரில் எட்டே பேருடன் திருச்சபை தொடங்கியது; ஜான் ஆலின் அதன் முதல் போதகரானார். உறுப்பினராக விரும்பியவர், இறையருள் தம் உள்ளத்தில் செயல்பட்டதை மற்றவர்கள் ஏற்கும்படி எடுத்துரைக்க வேண்டியிருந்தது. காலனி அளவில் வாக்குரிமை திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கே என்று 1631இலேயே விதித்திருந்ததால், அந்தச் சோதனை ஆன்மிகத்தோடு முடிந்துபோவதாக இல்லை.

இவர்கள் வருவதற்கு முன் அந்த மண்ணில் இருந்தவர்கள் மாசசூசெட் பழங்குடியினர். 1616க்கும் 1619க்கும் இடையே பரவிய கொள்ளைநோய் கடற்கரையோர மக்களில் பெரும்பாலோரை அழித்துவிட்டிருந்தது. எஞ்சியவர்களுள் கிறித்தவத்தைத் தழுவியோருக்காக 1651இல் ஜான் எலியட் என்ற போதகர் நேட்டிக் என்ற ஊரை அமைத்தார். அது தங்கள் எல்லைக்குள் வருகிறது என்று டெடம் பல ஆண்டுகள் வழக்காடியது. முடிவில் பேரவை 2,000 ஏக்கரைப் பழங்குடியினரிடமே விட்டுவிட்டு, அதற்கு ஈடாக வேறிடத்தில் 8,000 ஏக்கரை டெடமுக்குக் கொடுத்தது. அந்த 8,000 ஏக்கர் பொகம்டக் என்ற மற்றொரு பழங்குடியினரின் நிலம். இன்றைய டியர்ஃபீல்ட் அங்கே எழுந்ததுதான். 1675இல் பழங்குடியினருக்கும் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் இடையே போர் மூண்டபோது, ஆங்கிலேயருக்கு எதிராக எதுவும் செய்யாத நேட்டிக் மக்களைப் பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள டியர் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியாலும் குளிராலும் பலர் இறந்தார்கள். உடன்படிக்கையைப் பாராட்டி எழுதும் எவரும் இந்தத் தீவையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்: கடைமடையான், கொடுமுடி

இருவருக்கும் என் நன்றி. தாராபுரத்து அம்மா எழுதியதைப் படித்த பிறகு இரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். காணி உரிமை பெற்றவர்கள், கோயிலுக்கு விளக்கெரிக்க நிலம் விட்டவர்கள், மதகு கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. வாய்க்காலில் தூர் வாரியவர்கள், நடவு நட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. டெடம் ஏடுகளில் அந்தப் பழங்குடியினரின் பெயர்களாவது கிடைக்கின்றனவா? கிடைக்கின்றன என்றால் எந்த வகை ஆவணத்தில்?

பதில்: அமராவதிக் கரை, தாராபுரம்

கிடைக்கின்றன ஐயா, பெரும்பாலும் நிலப் பத்திரங்களில். 1681இல் ஊரார் தங்களிடம் சிதறிக் கிடந்த பத்திரங்களைத் திரட்டி ஒரு பெட்டியில் வைக்கத் தீர்மானித்தார்கள். பொகம்டக் நிலத்துக்கான பத்திரங்களும், ஆங்கிலேயர் ஃபிலிப் என்று அழைத்த பழங்குடித் தலைவர் மெட்டகொமெட் அளித்த பத்திரமும் அவற்றுள் இருந்தன. போரில் தங்களை எதிர்த்து நின்று 1676இல் கொல்லப்பட்ட தலைவரின் எழுத்தையே தங்கள் உரிமைக்குச் சான்றாகக் காத்துவைத்திருக்கிறார்கள். நிலம் கைமாறும்போது மட்டுமே அந்த மக்களின் பெயர் ஏட்டுக்குள் நுழைகிறது.

உங்கள் ஊரிலும் அதே இடத்தில் தேடிப் பாருங்கள். கிரயப் பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில், “இன்னார் குடிசைக்குக் கிழக்கு”, “இன்னார் களத்துக்கு வடக்கு” என்று எழுதியிருப்பார்கள். சொத்தே இல்லாதவரின் பெயர் பிறர் சொத்தின் எல்லையாக அங்கே நிற்கும். பழைய பத்திரங்களின் அந்த வரிகளை மட்டும் தனியே படியெடுத்து எனக்கு அனுப்பினால், அடையாளம் காண நானும் உதவுகிறேன்.